வீட்டுப்பாடம் எழுதித் தராத டியூஷன்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு வீட்டு வராந்தாவில் மாலை 5 மணிக்குத் தொடங்கி 6.15க்கு முடிகிற வகுப்பு இது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் மட்டும். பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவார்கள் என்று நினைத்துச் சேர்ப்பவர்களுக்கு முதல் வாரமே முகம் சுருங்கும். டைரியை டீச்சர் திறப்பதே இல்லை.

டீச்சர் இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை அட்டைகளை வைத்து ஏணி மாதிரி படிப்படியாகத் தன் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது ஏணிப்படியும் அட்டைகளுமாக வகுப்பு நடத்திய தலைமுறை. அட்டை ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி போச்சு என்பது அதன் பெரிய தொல்லை. அட்டைக் குவியலை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடும் பழக்கத்தை மட்டும் இவர் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

சேர்க்கிற அன்று ஒரு சின்னச் சோதனை. படம், மரம், பிறகு காது, மீன், பிறகு கெண்டை, கொடி, கடைசியில் பக்கம், தங்கம், நகம். எந்த இடத்தில் தடுக்குகிறதோ அங்கிருந்துதான் பாடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'கொடி'யில் நின்றுபோவது இங்கே சாதாரணம்.

எழுத்து தெரியாத பிள்ளைக்கு 'அ' முதலில் வராது. ட, ப, ம என்று வரும். 'ட' இரண்டு நேர்கோடு, 'ப' மூன்று, 'ம'வில்தான் முதல் வளைவு. 'அ'வின் சுழியில் ஐந்து வயது விரல் சோர்ந்துவிடும். அதைவிட முக்கியம், இந்த மூன்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் வாசிக்கலாம். விரலால் எழுதிப் பழகத் தட்டில் ரவை, அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு. கடற்கரை மணல் வேண்டாம் என்பதில் டீச்சர் கண்டிப்பு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கிடக்கிற மாவட்டத்தில் அது நியாயமான கண்டிப்புதான்.

வகுப்பின் பலம் கொம்பு எழுத்துகளில் தெரிகிறது. 'கெ'யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகிற கண் அங்கே திணறும். 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. "க் கூட ஒ சேர்ந்தா கொ" என்று பாடத் தெரிந்த பிள்ளைக்கும் புத்தகத்தில் 'கொடி' வராததற்கு இதுதான் காரணம். இங்கே 'க' அட்டையை நடுவில் வைத்து, குறி அட்டைகளை இருபுறமும் ஒட்டி வைக்கிறார்கள். விரல் மூன்றையும் கடந்த பிறகே வாய் திறக்க வேண்டும். 'கௌ'வின் வால் 'ள' மாதிரியே இருப்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார். பக்கம், தங்கம், நகம் மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலிப்பதற்கு இங்கே விதி சொல்லித் தருவதில்லை. மூன்று வரிசையாகச் சொற்களை எழுதி வாசிக்க வைப்பதுதான் பாடம். வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை 'ஞான்' என்றால் திருத்துவதில்லை. எழுதும்போது மட்டும் 'நான்'.

கணக்குக்குத் தென்னை ஈர்க்கு. விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். பத்து உதிரி சேர்ந்தால் பிள்ளையே கட்ட வேண்டும், கழித்தலில் பிள்ளையே அவிழ்க்க வேண்டும். எண்ண ரப்பர் மரக் கொட்டைக்கு அனுமதி இல்லை. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, சின்னதுகள் வாயில் போடும். 'நூற்று ஐந்து' என்றால் 1005 என்று எழுதுகிற பிள்ளைக்கு, 100 அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 அட்டையை வைத்துக் காட்டுகிறார். 'தொண்ணூற்று மூன்று' இன்னும் வம்பு: பெயரில் நூறு இருக்கிறது, எண்ணில் இல்லை. ஒன்பது கட்டும் மூன்று உதிரியும் எடுத்து வைத்த பிறகுதான் 903 என்று எழுதுவது நிற்கிறது.

குறையும் உண்டு. 75 நிமிடத்தில் 14 பிள்ளைகள். தனியாக வாசிக்க ஆளுக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. எட்டுக்கு மேல் சேர்க்காமல் இருந்தால் நல்லது. வராந்தாவில் சாரல் அடித்தால் வகுப்பு ரத்து. ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஈடு வகுப்பும் கிடையாது. ஆங்கிலம் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

கட்டணம் மாதம் 700 ரூபாய். சிலேட்டும் குச்சியும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், நோட்டு முதல் மாதம் தேவைப்படாது. எழுத்தைத் தனித்தனியாகச் சொல்லி, சொல்லாகச் சேர்க்கத் தெரியாத பிள்ளை என்றால் யோசிக்காமல் சேர்க்கலாம். சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு இங்கே வேலையில்லை. டீச்சரே திருப்பி அனுப்பிவிடுவார்.