எம்மன்ஸ் அமைப்பா, டே அமைப்பா?

காலால் பெடல்களையும் முழங்காலால் நெம்புகோல்களையும் இயக்கித் தந்திகளின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் கிட்டாரில், இ9 என்ற சுருதியமைப்பில் எழும் பழைய குழப்பம் இது: பெடல்களை எந்த வரிசையில் அமைப்பது? இரண்டிலும் பெடல்களின் வேலை ஒன்றுதான், வரிசைதான் வேறு.

வரிசை: எம்மன்ஸில் இடமிருந்து ஏ, பி, சி என்ற மூன்று பெடல்கள். டேயில் சி, பி, ஏ.

கணுக்கால்: பி-யை மிதித்தபடி ஏ-யைச் சேர்க்க, எம்மன்ஸில் இடது பாதம் வெளிப்புறம் சாய வேண்டும், டேயில் உட்புறம், பெருவிரல் பக்கம். என் கணுக்காலுக்கு இரண்டாவதே இதம்.

முழங்கால்: இ ஸ்வரத் தந்திகளை எஃப் ஸ்வரத்துக்கு உயர்த்தும் நெம்புகோலை ஏ பெடலோடு அடிக்கடி சேர்ப்போம். அதனால் அது வழக்கமாக எம்மன்ஸில் இடது முழங்காலுக்கு இடப்புறம், டேயில் வலப்புறம். பெடலை மட்டும் மாற்றி இதை மறந்தால் கால் முறுக்கிக்கொள்ளும்!

கற்பது: பாடங்கள் பெரும்பாலும் எம்மன்ஸுக்கே.

புதியவருக்கு எம்மன்ஸ், கணுக்கால் வலி உள்ளவருக்கு டே. ஏற்கெனவே ஒன்றில் பழகியவர் மாற வேண்டியதில்லை.