பாலாற்று மணலா, எம்-சாண்டா?

முன்பெல்லாம் வேலூர் பக்கம் எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிச் செய்யும் மணல்) என்றாலே, "கல் தூளில் வீடா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இப்போது எங்கள் தெருக் கொத்தனாரே அதைத்தான் வாங்கச் சொல்கிறார்.

ஆற்று மணலை உள்ளங்கையில் தேய்த்தால் நழுவும். தண்ணீரில் உருண்டு வந்த மணி. பூச்சு வேலைக்கு அதன் சுகமே தனி. எம்-சாண்ட் குத்தும். பாறையை நொறுக்கி, 4.75 மி.மீ. சல்லடையில் சலித்து, கழுவி எடுப்பதால் மூலைகள் கூர்மையாக இருக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும், ஆனால் கான்கிரீட்டில் நன்றாகப் பிடிக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, 2016 பதிப்பிலேயே இதை ஏற்றுக்கொண்டது. ஒன்று கவனிக்க வேண்டும்: கல் உடைக்கும் கிரஷரில் விழும் கழுவாத தூளையும் எம்-சாண்ட் என்று தள்ளிவிடுகிறார்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். பூச்சு வேலைக்கு இன்னும் நைசான பி-சாண்ட் தனியாக இருக்கிறது.

சரி, எம்-சாண்டுக்குப் பாறை உடைக்கும் குவாரி மட்டும் சுத்தமா? வெடி, தூசி, அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலில் படியும் சிலிக்கா என்ற நுண்ணிய பாறைத் தூள். தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூசி நன்றாகக் குறையும். அதை எல்லாக் குவாரியிலும் கட்டாயமாக்க வேண்டும்.

ஆனாலும் என் ஓட்டு எம்-சாண்டுக்குத்தான். பாலாறு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வருகிற வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டுவது அந்த மணல்தான். அதை அள்ளாமல் ஆற்றிலேயே விட வேண்டும்.