மறுபடியும் புது அக்கா: வளர்ப்புப் பெற்றோராக எங்கள் அனுபவம்

அம்மாப்பேட்டையில் இருக்கும் என் தோழி போன வாரம் கேட்டாள்: "நாங்களும் ஃபாஸ்டர் கேருக்கு எழுதிப் போடலாம்னு இருக்கோம். நீங்க போன தொண்டு நிறுவனம் வழியாவே போகட்டுமா, இல்ல நேரா மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போயிடட்டுமா?" ஃபாஸ்டர் கேர் என்றால் பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தையைத் தற்காலிகமாக நம் வீட்டில் வளர்ப்பது; அவள் சொன்ன அலகு அதைக் கவனிக்கிற அரசு அலுவலகம். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நாங்கள் வளர்ப்புப் பெற்றோராகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தகுதி, படிவம், சான்றிதழ் எல்லாம் தேடினால் கிடைக்கும். ஒரு குழப்பத்தை மட்டும் முதலில் தீர்த்துவிடுகிறேன். பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுப் போகிற குழந்தைகளை அரசு ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் நம் சேலத்தில்தான் தொடங்கியது. அதனாலோ என்னவோ, பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தை என்றாலே நம் ஊரில் எல்லோரும் தத்து என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். "சொத்துல பங்கு எழுதுவீங்களா?", "கடைசி வரைக்கும் உங்க கூடவே இருக்குமா?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. இது தத்து இல்லை. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44-வது பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழு (இந்தச் சட்டப்படி மாவட்டத்தில் அமைந்த குழு) உத்தரவு போட்டு, ஒரு குழந்தையை நம் வீட்டில் வளரச் சொல்கிறது. பெற்றவர்கள் மறுபடி பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் குழந்தை அங்கே திரும்பலாம். அதுவரை அவர்கள் இடையிடையே வந்து பார்க்கவும் செய்யலாம். அது குழந்தைக்கு நல்லதில்லை என்று குழு காரணம் எழுதித் தடுத்தால்தான் வர முடியாது. நாங்கள் சேர்ந்தபோது, ஐந்து வருஷம் வளர்த்த பிறகுதான் தத்துக்குக் கேட்கலாம் என்று இருந்தது. 2024-ல் வந்த வழிகாட்டுதல்கள் அதை இரண்டு வருஷமாக்கின. தனியாக வாழ்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றும் ஆனது. அப்போதும் குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டப்படி வழி இருக்க வேண்டும். மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை நம்பி யாரும் இதில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது.

எங்கள் வீட்டுச் சின்னவளின் பெயர், ஊர், பள்ளிக்கூடம், எதனால் வந்தாள் என்பது எதையும் எழுத மாட்டேன். அதே சட்டத்தின் 74-வது பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். அது அவளுடைய கதை, எப்போது யாரிடம் சொல்வது என்பதும் அவள் பாடு.

நிறுவனத்தைப் பற்றி நல்லது சொல்ல நிறைய இருக்கிறது. வீட்டைப் பார்க்க வந்த முதல் களப்பணியாளரை நான் மறக்கவே மாட்டேன். சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், சம்ப்புக்கு மூடி சரியாக இருக்கிறதா, மாத்திரை டப்பா யார் கைக்கு எட்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். என் மாமியார் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி, "புள்ள என்ன சாதிங்க?" நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை, பாடமும் நடத்தவில்லை. "பாட்டி, அவ ராத்திரி இருட்டுக்குப் பயப்படுவா. பக்கத்துல யாராச்சும் படுத்தா நல்லா இருக்கும். நீங்க படுப்பீங்களா?" என்றார். மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படுக்காம என்ன பண்ணப் போறேன்" என்றார். இன்றைக்கும் சின்னவள் தூங்குவது அவர் பக்கத்தில்தான்.

அடுத்து ஒரு டப்பா விஷயம். வந்த புதிதில் அவள் சாப்பாட்டை எடுத்து ஒளித்து வைப்பாள். பாதி இட்லி பென்சில் பாக்ஸில் இருக்கும், தலையணை உறைக்குள் பிஸ்கட் இருக்கும். துணி அலமாரியில் ஊசிப்போன தேங்காய்ச் சட்டினி வாடை வந்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தக் களப்பணியாளருக்குப் போன் அடித்தேன். எடுத்தார். "திட்டாதீங்க மேடம். தேடிக் கண்டுபிடிக்கவும் வேணாம். அவளுக்குன்னு ஒரு டப்பா குடுங்க. அது காலியாவே இருக்கக் கூடாது. அவ கட்டிலுக்குப் பக்கத்துல வைங்க, எடுக்க யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லன்னு சொல்லிடுங்க" என்றார். மறுநாள் ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கித் தட்டுவடை, கடலை மிட்டாய், முறுக்கு எல்லாம் போட்டு வைத்தேன். முதல் வாரம் தினமும் காலியானது. பிறகு பாதிதான் குறைந்தது. பிறகு அவள் திறந்து பார்ப்பாள், உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததும் மூடிவிடுவாள். அலமாரியில் வாடை வருவது நின்றுபோனது. எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

ஏற்காட்டுக்கு எல்லா வளர்ப்புக் குடும்பங்களையும் கூட்டிப் போனதும் இதே நிறுவனம்தான். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் தாண்டி மேலே போவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏரிக்குப் பக்கத்தில் அண்ணா பூங்காவில் அவர்களை விட்டபோது ஒன்று நடந்தது. தன்னைப் போலவே வேறு வீட்டில் வளர்கிற பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சின்னவள் கண்ணால் பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில், "பெரியம்மா, அந்த நீலச் சட்டை அண்ணனுக்கும் ரெண்டு வீடாம்" என்று காதில் சொன்னாள். பெரியவர்களுக்கும் அன்றைக்கு லாபம்தான். பள்ளியில் அப்பா பெயர், அம்மா பெயர் கேட்கும் கட்டங்களுக்கு என்ன செய்வது, எந்தப் படிவத்தோடு குழு உத்தரவின் ஜெராக்ஸை வைப்பது என்பதையெல்லாம் ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் கோபமாக இருக்கிறேன்? ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த முதல் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவரும் போய்விட்டார். அடுத்தவர் பெயர் மனதில் பதிவதற்குள் இன்னொருவர். ஒவ்வொரு தடவையும் வருகிறவர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னவளிடம் ஆரம்பத்திலிருந்து கேட்கிறார். எந்த ஊர்? முன்னால் எங்கே இருந்தாய்? இங்கே பிடித்திருக்கிறதா? போன மாதம் வந்தவர் அவள் வாயில் மாம்பழத் துண்டு இருக்கும்போதே, "அம்மா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அவள் அந்தத் துண்டை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நிறுவனத்தார் இதை ஒரு சின்ன அசௌகரியம் என்று நினைக்கிறார்கள். அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். அவள் வாழ்க்கையில் கையில் ஃபைலோடு புது ஆள் ஒருவர் வந்த போதெல்லாம் அவளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஆகவே புது முகம் என்றால் அவள் கணக்கில் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். புது அக்கா வந்துபோன அன்று ராத்திரி ஸ்கூல் பையில் இருக்கும் புத்தகங்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, இரண்டு செட் துணியும் அந்தத் தூக்கையும் உள்ளே வைத்துக்கொள்வாள். பையை வாசல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். நாங்கள் எடுத்து உள்ளே வைப்பதில்லை. அவளே எடுத்து வைக்கும்வரை காத்திருக்கிறோம், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகிறது. ஒவ்வொரு புது நியமனத்துக்கும் எங்கள் வீட்டில் விலை கொடுப்பது அவள்தான்.

போன மாதம் வந்தவர் அறிக்கையில் எழுதிய ஒரு வரியைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "படுக்கை அறையில் தின்பண்டம் வைக்கப்பட்டுள்ளது, சுகாதாரக் குறைவு" என்று எழுதியிருக்கிறார். இவர்களுடைய ஆள் சொல்லித்தான் அந்தத் தூக்கே வந்தது! அந்த ராத்திரிப் பேச்சு ஃபைலில் எங்குமே இல்லை. சம்ப் மூடி இருக்கிறது, ரேஷன் கார்டு நகல் இருக்கிறது, அந்தக் குழந்தையை நிமிர வைத்த விஷயம் மட்டும் இல்லை. முதல் பெண் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது.

நியாயமாகவும் பேச வேண்டும். வருகிற பெண்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்த கையோடு வருகிறார்கள், வருஷ ஒப்பந்தம்தான். இன்றைக்கு மேட்டூர், நாளைக்கு ஆத்தூர், மறுநாள் எடப்பாடி என்று ஸ்கூட்டியில் அலைகிறார்கள். வெயிலில் கறுத்து, வந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே குடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அந்தச் சம்பளத்தில் எத்தனை நாள் இருப்பார்கள்? நல்ல வேலை கிடைத்தால் போகத்தான் செய்வார்கள், போகவும் வேண்டும். அதேபோல மாதாமாதம் பார்க்க வருவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. வளர்ப்பு வீட்டைக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குழந்தையை என்ன செய்கிறார்கள் என்று யாராவது பார்க்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான். ஆள் போவதை நிறுவனத்தால் தடுக்க முடியாமல் இருக்கலாம். போகிறவர் வருகிறவரைக் கையோடு கூட்டிவந்து, "இது என் ஃப்ரெண்டு, இனிமே இவங்க வருவாங்க, நீ இங்கதான் இருக்கப் போற" என்று சொல்லிவிட்டுப் போக ஒரு சாயங்காலம் போதும். ஒரு நோட்டில் பத்து வரி எழுதி வைக்கலாம். இதற்கு நிதியுதவி வேண்டியதில்லை, அரசாணை வேண்டியதில்லை. கூட்டத்தில் சொன்னேன், தலையாட்டினார்கள். அடுத்த மாதம் வேறொருவர் தனியாக வந்து மணி அடித்தார்.

என் தோழிக்கு என் பதில் இது. விண்ணப்பம் போடு, தள்ளிப் போடாதே. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் குறைவு. ஆனால் இந்த நிறுவனம் வழியாகப் போகாதே, நேராக மாவட்ட அலகுக்குப் போ. நாங்கள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறோம் என்று கேட்பாய். விலகினால் இன்னொரு புது முகம், இன்னொரு ஃபைல். அந்தப் பை மறுபடி வாசலுக்கு வரும். அதனால் இருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்த அந்த ராத்திரிப் போன் உனக்கும் வேண்டும். பத்து மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை, என் நம்பருக்கு அடி, எடுப்பேன்.

தூக்கைப் பற்றிய அந்த வரியை நீக்கச் சொல்லியும், ஆள் மாறும்போது இருவரும் சேர்ந்தே வர வேண்டும் என்று கேட்டும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். அந்த வரி போகிறவரை இந்த நிறுவனத்தை நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை.