டபுள் பேஸா, எலெக்ட்ரிக் பேஸா? ராக்கபில்லி கலந்த பங்க் பேண்டுக்கு எது?

ராக்கபில்லி என்பது கன்ட்ரி இசை கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல். டபுள் பேஸ் நிறுத்தி வைத்து வாசிக்கும் ஆளுயர மரப் பேஸ்; எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் போலத் தோளில் மாட்டுவது. மெல்பர்னின் தி லிவிங் எண்ட் பேண்டில் டபுள் பேஸ்; கலிஃபோர்னியாவின் சோஷியல் டிஸ்டார்ஷனில் எலெக்ட்ரிக் பேஸ். இரண்டும் பங்க்தான்.

ஒலி: டபுள் பேஸில் ஸ்லாப் அடித்தால், அதாவது தந்தியை இழுத்து விட்டால், அது விரல்பலகையில் மோதும் ‘டக்’ சத்தமே பாதி டிரம்ஸ். அந்தச் சுகம் எலெக்ட்ரிக்கில் வராது.

மேடை: ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தம் ஏறினால் டபுள் பேஸின் கூடு அதிர்ந்து ஊளையிடும். முன்பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் துளைகளில் ஃபோம் அடையுங்கள். ஆம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஸ்லாப்புக்கென விரல்பலகையில் தனி பிக்கப் (அதிர்வை மின் ஒலியாக்கும் கருவி) வையுங்கள். எலெக்ட்ரிக்கில் இந்தத் தொல்லை அரிது.

கை: டபுள் பேஸில் தந்தி நீளம் சுமார் 105 செ.மீ., சுர இடத்தைக் காட்டும் உலோகக் கட்டையான ஃப்ரெட்டும் கிடையாது. சுருதி பிசகும், விரல் கொப்பளிக்கும். எலெக்ட்ரிக்கில் 86 செ.மீ. போதும்.

செலவு, தூக்கிச் செல்வது: எலெக்ட்ரிக்தான், சந்தேகமே வேண்டாம்.

ஸ்லாப்பை நம்பிய பாட்டென்றால் டபுள் பேஸ். ஒரே சுரத்தை பிக்கால் (தந்தி மீட்டும் சிறு தகடு) விடாமல் அடிக்கும் பாட்டுக்கு எலெக்ட்ரிக்.