ஒரே பெரிய ரவுட்டரா, மெஷ்ஷா, இல்லை வயர் இழுத்துவிடலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீடு பாதி பழசு, பாதி புதுசு. முன்கட்டு அப்பாரு காலத்தது. ஒன்றரை அடிச் சுவர், மேலே ஓடு. பின்னால் தார்சு போட்டு மாடி எடுத்தது நாங்கள். ஃபைபர் லைன் வந்து இறங்குவது முன்கட்டு ஆசாரத்தில் (முன் ஹாலில்), டிவி இருப்பது பின்கட்டில். மச்சினன் திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறவன். இங்கே வந்தால் லேப்டாப்போடு மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் பெரிய பெரிய ஃபைல்களைப் போட்டு வைப்பான். இரவில் பிள்ளைகளுக்குப் படம் சுற்றாமல் ஓட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ரவுட்டர் தேடியதில் மூன்று வழி இருந்தது. நான் எடுத்தது மூன்றாவது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படம் பார்க்க அப்படி ஒன்றும் பெரிய வேகம் வேண்டியதில்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5. 100 எம்பிபிஎஸ் பிளானில் மூன்று டிவி ஓடினாலும் மிச்சம் இருக்கும். அப்படியும் சுற்றுகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் ஆசாரத்துப் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில்தான். ஃபைல் காப்பி கதை வேறு. மாடியிலிருந்து கீழே போகும் ஃபைல் இன்டர்நெட் பக்கமே போவதில்லை. பிளானை 300க்கு ஏற்றினாலும் அது ஒரு நிமிடம்கூட முன்னால் முடியாது. அதன் வேகம் முழுக்க வீட்டுக்குள் இருக்கும் பாதையைப் பொறுத்தது.

ஒரே பெரிய ரவுட்டர் வாங்குவது முதல் வழி. பெட்டியில் ஏஎக்ஸ்3000 என்று போட்டிருப்பார்கள், அது ரவுட்டரின் இரண்டு பேண்டுகளில் (அலைவரிசைகளில்) 2.4 கிகாஹெர்ட்ஸின் 574 எம்பிபிஎஸ்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402ஐயும் கூட்டிப் போட்ட கணக்கு. சாதாரணமாக ஒரு போன் இரண்டையும் சேர்த்து வாங்காது. 2402 வர வேண்டுமானால் போனுக்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் தெரிய வேண்டும். 80 மட்டும் தெரிந்த போன் 1201இல் நின்றுவிடும். அதுவும் அதே அறையில். ஆன்டெனா ஆறு இருந்தாலும் சுவர் சுவர்தான். ரவுட்டர் மைக் வைத்துப் பேசினாலும் போன் கிசுகிசுத்துத்தானே பதில் சொல்ல வேண்டும்? அந்தப் பதில் சுவரைத் தாண்டாவிட்டால் சிக்னல் கோடு நிறைய இருந்தும் பிரயோஜனம் இல்லை. கோயமுத்தூரில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் என்றால் இதுவே போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

அடுத்தது மெஷ், அதாவது தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையாக வேலை செய்யும் இரண்டு மூன்று பெட்டிகளை வீட்டில் ஆங்காங்கே வைப்பது. நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போனில் ஆப் போட்டு உட்கார்ந்த இடத்திலேயே செட் செய்துவிடலாம். வீடியோ காலில் பேசிக்கொண்டே முன்கட்டிலிருந்து மாடிக்குப் போனாலும் அறுபடாது. சங்கடம் என்னவென்றால், டெகோ எம்4 போன்ற இரண்டு பேண்ட் மெஷ்ஷை வயர் இல்லாமல் வைத்தால், பெட்டிக்குப் பெட்டி பேசுவதும் போனோடு பேசுவதும் ஒரே காற்றில் நடக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். படத்துக்கு அந்தப் பாதி போதும், ஃபைலுக்குப் போதாது. தனக்குள் பேச மூன்றாவது பேண்டைத் தனியாக ஒதுக்கும் மெஷ்ஷும் உண்டு. அதைச் சொந்தக்காரர் வீட்டில் பார்த்ததோடு சரி, அங்கே நன்றாகவே ஓடியது. எங்கள் முன்கட்டுச் சுவரில் எப்படி ஓடும் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஹாலுக்கும் படுக்கையறை ஃபேனுக்கும்தான் போயிருக்கும். மெஷ்ஷில் நடுப்பெட்டி இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் இருந்தால், அதை நம்பியிருக்கும் பெட்டியும் சேர்ந்து படுத்துவிடும்.

இனி நான் செய்தது. சுமாரான விலையில் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள ரவுட்டர் ஒன்று ஆசாரத்தில். அங்கிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 நெட்வொர்க் வயர். மாடியில் இன்னொரு ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும். ஆர்ச்சர் சி6 மாதிரி ஏசி1200 (வைஃபை 5) ரகமே இதற்குப் போதும். வாங்கும்போது ஆன்டெனாவை எண்ண வேண்டாம், போர்ட் கிகாபிட்டா என்று மட்டும் பாருங்கள். ஊரெல்லாம் ஓடும் டிஎல்-டபிள்யூஆர்841என் போன்ற பழைய பெட்டிகளில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 20 ஜிபி டிசைன் ஃபோல்டர் அதில் அரை மணி நேரம் எடுக்கும். இரண்டு முனையும் வயரில் இருந்தால் கிகாபிட்டில் மூன்று நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே.

வயரில்தான் எல்லாமே இருக்கிறது. கடையில் மலிவாகக் கொடுப்பது பல சமயம் செம்பு பூசிய அலுமினியம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள், தனிப் பைப் போடுங்கள். எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன், "ஏனுங்க, நாலு கம்பி குத்துனாப் போதுமுங்க, நெட்டு வந்துருமுங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை, நெட் வரும். ஆனால் 100இல் வரும். 1000 வர எட்டுக் கம்பியும் வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்: இரண்டு முனையிலும் இதே வரிசை. நடுவில் பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடிக்கு இரு பக்கமும் போவதைப் பார்த்துத் தப்பென்று சேர்த்துவிடுவார்கள், அப்படிச் சேர்க்க விடக்கூடாது. குத்தி முடித்ததும் லேப்டாப்பைச் சொருகி, நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகு கூலி கொடுங்கள்.

மாடிப் பெட்டியில் டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, வயரை லேன் போர்ட்டில் சொருக வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4இல் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11.

யுஎஸ்பி போர்ட் உள்ள ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் போதாதா என்று கேட்பீர்கள். போட்டோ வைக்க ஆகும். பெரிய ஃபைலுக்கு அந்தச் சின்ன பிராசசர் திணறும். பழைய மாடல் சிலதில், நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும் இருக்கும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10லிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. ஒரு பழைய கம்ப்யூட்டரை வயரில் போட்டு ஃபோல்டரை ஷேர் செய்வதே மேல்.

வயர் வழியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம். எந்த கம்பெனிப் பெட்டியானாலும் சரி. மெஷ்ஷில் பெரும்பாலும் அதே கம்பெனிதான் வாங்க வேண்டும். நாளைக்கு வைஃபை 7 மலிவானால் மாடிப் பெட்டியைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்தால் ஆயிற்று, சுவருக்குள் இருக்கும் வயர் அப்படியே இருக்கும்.

குறையும் உண்டு. நடந்துகொண்டே பேசினால் படிக்கட்டில் ஒரு நொடி குரல் போய் வரும். போன் பழைய பெட்டியை லேசில் விடாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க யாரும் விட மாட்டார்கள், அங்கே மெஷ்தான். அப்புறம், தோட்டத்தில் இருக்கும் சாலைக் கொட்டகைக்கும் இதே செம்பு வயரை வெளியில் இழுத்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கோடை மழை இடியில் எங்கோ விழுந்த மின்னல்கூட அந்த வயர் வழியாக இரண்டு முனைப் பெட்டிகளையும் கொண்டுபோய்விடும், 100 மீட்டருக்கு மேல் வேகத்துக்கும் உத்தரவாதம் இல்லை. அங்கே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் போட்டு இரண்டு முனையிலும் கன்வெர்ட்டர் வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வீட்டில் இன்னும் சம்மதம் வாங்கவில்லை. மோட்டார் ரூம் பக்கம் இப்போதைக்கு மொபைல் டேட்டாதான்.