ஓவர்சைஸ் ஸ்வெட்டர் பேட்டர்ன் வாங்கி தெச்சேன், கழுத்துதான் படுத்தி எடுத்துடுச்சு

பெங்களூர்ல படிக்கிற என் பொண்ணு போன மாசம் ஒரு போட்டோ அனுப்பி "அம்மா இது மாதிரி தொளதொளன்னு ஒரு ஸ்வெட்டர் வேணும், கடைல 1,800 ரூபாயாம்"னா. கம்பளி நூல்ல பின்றது இல்லீங்க, நிட் துணிய (டி-ஷர்ட் மாதிரி இழுபடுற துணி) வெட்டி தெக்கிறது, தோள் தையல் முழங்கைக்கு பாதி தூரம் இறங்கி தொங்குமே அது. சுடிதார் பிளவுஸ் எல்லாம் பத்து வருசமா தெக்கிறேன், இது மட்டும் என்ன பிரமாதம்னு நெனச்சு ஒரு வெளிநாட்டு கம்பெனியோட பிடிஎஃப் பேட்டர்ன், அதாவது பிரிண்ட் எடுத்து ஒட்டி துணி மேல வெச்சு வெட்டுற அளவுத் தாள், காசு குடுத்து வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். 5க்கு மூணரை குடுப்பேன், அந்த ஒன்றரை எங்க போச்சுன்னு சொல்றேன்.

முதல்ல பிரிண்ட். 32 ஏ4 பக்கம், ஒட்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு செல்லோடேப் ரோல் காலி. முதல் பக்கத்துல 10 செ.மீ. கட்டம் ஒண்ணு போட்டிருப்பாங்க, ஸ்கேல் வெச்சு பாத்தா 9.6தான் இருக்கு, ஜெராக்ஸ் கடைத் தம்பி பேப்பருக்குள்ள அடங்குற மாதிரி சுருக்கி எடுத்துட்டான். அத அளக்காம வெட்டியிருந்தா சுத்தளவுல கிட்டத்தட்ட 2 இன்ச் அம்பேல். மறுபடி பிரிண்ட், மறுபடி காசு, மறுபடி டேப்பு.

சைஸ் விஷயத்துல மட்டும் பேட்டர்ன நம்புங்க. தொளதொளன்னு வேணும்னா நம்ம கை தன்னால ரெண்டு சைஸ் கூட வெட்டப் போகும், ஆனா பொண்ணுக்கு மார்பளவு 34, அந்த சைஸுக்கே தெச்சு முடிச்ச அளவு 46னு டேபிள்ல போட்டிருக்கு, அதாவது 12 இன்ச் லூசு ஏற்கனவே உள்ள இருக்கு. இன்னும் ஏத்தினா ஸ்வெட்டர் இல்ல, போர்வை.

துணிக்கு திருப்பூர் போனேன், ஈரோட்டுல இருந்து ஒரு மணி நேரம்தானே. பேட்டர்ன்ல பிரெஞ்ச் டெர்ரின்னு போட்டிருந்தத காதர்பேட்டை பக்கத்துல ஒரு கடைல கேட்டா அவரு முழிக்கிறாரு, உள்பக்கம் சின்னச் சின்ன வளையமா இருக்குமேன்னு சொன்னதும் "அட லூப்நிட்டுங்களாக்கா, மொதல்லயே சொல்றதில்லைங்களா"ன்னு எடுத்துப் போட்டாரு. அங்க மீட்டர் கணக்கு கெடையாது, கிலோதான். 280 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 280 கிராம் எடை), 72 இன்ச் அகலம்னா ஒரு கிலோவுக்கு 2 மீட்டருக்கு கொஞ்சம் கம்மியா வரும், நான் ஒண்ணேகால் கிலோ வாங்கினேன், கழுத்து கைக்கு லைக்ரா ரிப் (வரி வரியா நல்லா இழுபடுற பட்டைத் துணி) கால் கிலோ. வந்ததும் தண்ணில ஊறப்போட்டு காய வெச்சு அளந்தா மீட்டருக்கு 2 இன்ச் சுருங்கியிருக்கு, நெனச்சுப் பாருங்க அப்படியே வெட்டியிருந்தா.

ஊசிலயும் ஏமாந்தேன். நிட்டுக்கு முனை உருண்டையா இருக்கிற பால்பாயின்ட் ஊசி போடணும், சாதா ஊசி துணியோட நூலக் குத்தி அறுத்துடும், தெக்கிறப்போ தெரியாது, ரெண்டு தடவ தொவச்சதும் தையல் ஓரமா ஓட்டை ஓட்டையா விழும். திருப்பூர்ல ஊசி மலிவா கெடைக்குதுன்னு பாக்கெட்டோட வாங்கிட்டு வந்தா வீட்டு மெஷின்ல சரியா பொருந்தவே இல்ல, அது கம்பெனிகள்ல ஓட்டுற பவர் மெஷினுக்கான டிபி எக்ஸ் 1, தண்டு முழு உருண்டை, நம்ம வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கிற ஹெச்ஏ எக்ஸ் 1 வேணும். பாக்கெட் அப்படியே கெடக்கு.

தையல் குறிப்பு பூரா ஓவர்லாக் மெஷின் (ஓரத்த வெட்டி கூடவே தெக்கிறது) வெச்சிருக்கிறவங்களுக்கு எழுதினதுதான், என்கிட்ட உஷா ஜானோம் வீட்டு மெஷின் மட்டும். நீளம் 2.5, அகலம் 1 வெச்சு குட்டி ஜிக்ஜாக் போட்டேன், இழுத்தாலும் தையல் அறுபடல. அடில நியூஸ் பேப்பர் துண்டு வெச்சு ஓட்டினா துணி அலை அலையா இழுபடாது, அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம். தோளுக்கு ட்ரான்ஸ்பரன்ட் எலாஸ்டிக் போடச் சொல்லியிருந்தாங்க, நான் பருத்தி நாடாவ வெச்சு தெச்சுட்டேன், இவ்ளோ கனமான துணி தொங்கித் தொங்கி தோள் நீண்டுடும்ல. கைநுனி, கீழ் ஓரம் எல்லாத்துக்கும் ரிப் பட்டைதான், மடிச்சு தெக்கிற வேலையே இல்ல, அதனால பேட்லாக் மெஷின் (பனியன் ஓரத்த மடிச்சு தெக்கிறது) இல்லாட்டியும் கடைல வாங்கினது மாதிரியே இருக்கு. இதுக்காகவே ஒரு மார்க் கூட போடலாம்.

இனி கழுத்து. கழுத்துச் சுத்து 24 இன்ச், அதுக்கு பேட்டர்ன் குடுத்த பட்டை 23. தெச்சு முடிச்சு பொண்ணுக்குப் போட்டா கழுத்து தட்டையா உக்காராம நாய்க்கு ஆபரேஷன் முடிஞ்சதும் மாட்டுவாங்களே அந்தக் கூம்பு மாதிரி விரிஞ்சு நிக்குது. அவ சிரிக்கிறா, எனக்கு அழுகை. ராத்திரி உக்காந்து ஜிக்ஜாக்க ஒவ்வொண்ணா பிரிச்சேன், நிட்ல ஜிக்ஜாக் பிரிக்கிற பாவத்த எதிரிக்கும் குடுக்கக் கூடாது. புதுப் பட்டைய 20.5 இன்ச்சா வெட்டி, பட்டையையும் கழுத்தையும் நாலு சமபாகமா பின் குத்தி, பட்டைய மட்டும் இழுத்துப் புடிச்சு தெச்சேன், கம்முனு படிஞ்சு உக்காந்துச்சு. ரிப்புக்கு ரிப் இழுவை மாறும், கழுத்துச் சுத்துல 80, 85 சதவீதம் வெச்சு முதல்ல பெரிய தையலா ஓட்டிப் பாருங்கன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா எனக்கு ஒரு ராத்திரி மிச்சம். கம்பெனிக்கு மெயில் போட்டேன், எங்க துணியில சரியா வருதேன்னு பதில்.

துணி இன்னும் கால் கிலோ மிச்சம் இருக்கு, பக்கத்து வீட்டு வாண்டுக்கு ஒண்ணு தெக்கலாம்னு பாத்தா இதுல குழந்தைங்க சைஸே கெடையாது, அது தனி பேட்டர்ன், தனிக் காசாம்.