பத்மினி காரின் தண்ணீர்க் கசிவு: பட்டறையில் நான் ஏமாந்த விவரம்

பழைய ஃபியட், பத்மினி, அம்பாசடர் போன்ற கார்களை வைத்துப் பராமரிக்கிறவர்கள், அடுத்த முறை தண்ணீர்க் கசிவுக்காக வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். விவகாரம் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும், தென் சென்னையில் உள்ள ஓர் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னுடையது 1986ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கி, அவர் கையாலேயே பராமரித்து, எனக்கு விட்டுச் சென்ற வண்டி. இதன் 1089 சிசி இஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேலே மூடிபோல உட்காரும் ஹெட் அலுமினியம். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கசிவுக்குக் காரணம் இதில்தான் இருந்தது, பணம் வாங்கிய பட்டறையில் ஒருவர்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடந்த ஆண்டு ஜூன் மாதம், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்பினால் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறைவதைக் கவனித்தேன். வண்டி நின்ற இடத்தில் தரை காய்ந்தே இருந்தது. ஹோஸ் பைப்புகளிலும் கிளிப்புகளிலும் ஈரம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சைலன்சரில் வெள்ளைப் புகை சற்று அதிகமாக வந்தது. இந்த அடையாளங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பட்டறையில் கொடுத்தேன். பொறுப்பாளர் அந்தத் தாளைப் படிக்காமலேயே பானெட்டைத் திறந்து பார்த்து, "வாட்டர் பாடி போயிடுச்சு சார், மாத்திட்டா சரியாயிடும்" என்றார். புது வாட்டர் பாடி (இஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்), மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், மூன்று லிட்டர் கூலண்ட் (தண்ணீருக்குப் பதில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்), கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய்க்கு பில் வந்தது.

ஒரு வாரத்தில் தண்ணீர் மறுபடியும் குறைந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே கூலண்டுக்கு உரிய பச்சை நிறமோ சிவப்பு நிறமோ இல்லை. குடத்திலிருந்து ஊற்றியது போல நிறமில்லாத வெறும் தண்ணீர்தான் இருந்தது. கேட்டதற்கு, கலந்ததால் நிறம் தெரியவில்லை என்றார்கள். அப்போதே நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். இரண்டாவது முறை, "கசிவு அடைக்கும் சிறப்பு மருந்து" என்று ஏதோ ஒன்றை ஊற்றி, ரேடியேட்டர் மூடியையும் மாற்றி, 3,200 ரூபாய் வாங்கினார்கள். புது மூடியில் 1.1 என்று பொறித்திருந்தது. இக்காலத்து வண்டிகளின் இறுக்கமான அமைப்புக்கான அழுத்தம் அது. ஈயம் வைத்து ஒட்டிய பழைய பித்தளை ரேடியேட்டர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. அதன் பிறகு தண்ணீர் இன்னும் வேகமாகக் குறைந்தது, போதாக்குறைக்கு வெப்பமானி முள்ளும் மேலே ஏறத் தொடங்கியது.

மூன்றாவது முறை ஹெட்டைக் கழற்றினார்கள். ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பை மெஷினில் சீவி மட்டமாக்குவது), புது கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு), வால்வு கிரைண்டிங், மீண்டும் கூலண்ட் என்று 21,500 ரூபாய். பத்து நாள் வண்டியை வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. திரும்பக் கொண்டுபோய் விட்டதும், "பிளாக்கே கிராக் சார், இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, நல்ல கண்டிஷன்ல ஒரு இஞ்சின் இருக்கு, 55,000 ஆகும்" என்றார்கள். கிராக் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். வெளியே தெரியாது என்றார்கள். வெளியே தெரியாத விரிசலை எந்தச் சோதனையால் கண்டுபிடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது, 2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சிகளும் சாலையை விட்டுப் போய்விட்டன, உதிரிபாகம் கிடைப்பதே அரிது என்ற அச்சத்தில் இருக்கும் உரிமையாளர், இஞ்சின் கிடைக்கிறது என்றதும் சரி என்று சொல்லிவிடுவார். அந்த அச்சத்தை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, ராயப்பேட்டைப் பக்கம் ஹெட் வேலை மட்டும் செய்யும் ஒரு சிறிய லேத் பட்டறையில் விட்டேன். அங்கே இருக்கும் பாய்க்கு எழுபது வயது இருக்கும். அவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. முதலில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு போன்ற பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தம் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். கால் மணி நேரத்தில் முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். மூன்று பிளக்குகள் பழுப்பாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியது போல வெண்மையாக இருந்தது. தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் போய் ஆவியாகி, கரியைக் கழுவிவிடுவதால் அப்படி ஆகிறது. ஆக இருபது நிமிடத்தில், ஒரு போல்ட்டைக்கூடத் திருகாமல், கசிவு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்துப் போட்டதும் அவர் என்னை அருகே கூப்பிட்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். ஃபேஸிங் செய்த பரப்பில் ஒரே சீரான, மெல்லிய இயந்திரக் கோடுகள் இருக்க வேண்டும். இதிலோ பழைய கேஸ்கட்டின் கறுப்பு வட்டங்கள் அப்படியே பதிந்திருந்தன. அவற்றின் மேல் உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்த்த வளைவான கீறல்கள்தான் இருந்தன. "தம்பி, இந்த ஹெட்ட யாரும் மெஷின்ல வைக்கவே இல்ல" என்றார். மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில், தண்ணீர் போகும் துளையின் விளிம்பு கரையான் அரித்தது போல அரித்து, கேஸ்கட்டின் உலோக வளையம் உட்கார வேண்டிய இடம் வரை பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்தில் சிவப்பு சிலிக்கான் பசையை அப்பி, மேலே கேஸ்கட்டை வைத்து மூடியிருந்தார்கள்.

அரிப்புக்கான காரணத்தையும் அவரே விளக்கினார். இரும்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்திருக்கும்போது, அந்த நீரில் உப்பு இருந்தால் மின்வேதி வினை நடந்து அலுமினியம் கரையும். துருத்தடுப்பு மருந்து கலந்த நல்ல கூலண்ட் இதைத் தடுக்கும். சென்னையின் உப்பான போர்த் தண்ணீர் இதை விரைவுபடுத்தும். இரண்டு முறை கூலண்டுக்குப் பணம் கொடுத்த என் இஞ்சினுக்குள் இருந்தது போர்த் தண்ணீர்தான்.

அடுத்து வாட்டர் பாடி. வெளியே பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். பாய் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டியதும் பெயிண்ட் செதிலாக உதிர்ந்து, அடியில் பழைய துருவும், என் அப்பா எப்போதோ உளியால் குத்தி வைத்திருந்த சிறிய அடையாளப் புள்ளியும் தெரிந்தன. புதிது என்று பணம் வாங்கியது என் பழைய வாட்டர் பாடியையே. அந்தப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு வந்த வருத்தம் பணத்தைப் பற்றியதல்ல.

ரேடியேட்டரின் மேல் தொட்டியை ஈயத்தை உருக்கிப் பிரித்தபோது, குழாய்களில் பாதிக்கு மேல் மஞ்சள் நிறச் சேற்றால் அடைத்திருந்தன. "சிறப்பு மருந்து" என்பது சமையல் மஞ்சள் தூளும் ஏதோ பசையும் கலந்தது. நடுவழியில் ரேடியேட்டர் சிறிதாக ஒழுகினால் ஊர் போய்ச் சேர மஞ்சள் தூள் போடுவது லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம், அதில் தவறில்லை. அதையே பட்டறையில் பழுதுபார்ப்பு என்று பில் போட்டு, இஞ்சினுக்குள் விட்டு, நல்ல குழாய்களையும் அடைக்க விடுவது வேறு. வெப்பமானி முள் ஏறியதற்கு அதுவே காரணம்.

ஹெட்டின் துளைகளை இரும்புத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை, விரிசல் இல்லை. பிளாக்கையும் அதே முறையில் சோதித்தார்கள், அதிலும் இல்லை. அரித்த இடத்தை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, உண்மையாகவே மெஷினில் ஃபேஸிங் செய்து, நேர்விளிம்புக் கம்பியும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் புது கேஸ்கட்டை வைத்தார்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு மூன்று படிகளில் முறுக்கி, வண்டியைச் சூடாக்கி ஆற்றிய பின் மறுபடியும் சரிபார்த்தார்கள். ரேடியேட்டர் சுத்தம், பழைய அழுத்த அளவுக்கான மூடி, புதுப்பேட்டையில் தேடி எடுத்த புது வாட்டர் பாடி, கூலி எல்லாம் சேர்த்து 16,300 ரூபாய். முதல் பட்டறைக்கு நான் கொடுத்தது 31,500.

உங்கள் வண்டியில் தண்ணீர் குறைந்து தரையில் ஒழுகல் தெரியவில்லை என்றால், எதையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன் உங்கள் கண் முன்னே பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கருவி இல்லை என்றால் அந்தப் பட்டறைக்கு இந்த வேலை தெரியாது. வண்டியை விடும் முன் வாட்டர் பாடி, ஹெட், ரேடியேட்டர் ஆகியவற்றில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஃபேஸிங் என்றால், கேஸ்கட் வைப்பதற்கு முன் ஹெட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கூலண்டை நீங்களே வாங்கிக் கொண்டுபோய், ஊற்றும்போது அருகில் நில்லுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. நான் மூன்று பில்களையும், சுரண்டிய வாட்டர் பாடியையும், மஞ்சள் சேறு படிந்த ரேடியேட்டர் மூடியையும் சான்றாக வைத்திருக்கிறேன். முதல் விசாரணைக்குப் பட்டறையின் தரப்பில் யாரும் வரவில்லை. அடுத்த தேதி வரும் மாதம். வண்டி இதுவரை 1,900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேற்றுக் காலை மூடியைத் திறந்தபோது பச்சைக் கூலண்ட் ரேடியேட்டரின் கழுத்து வரை அப்படியே நின்றது.